கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் எண்: மொபிலிட்டி ஸ்கூட்டரும் மின்காந்த இடையூறும்

மொபிலிட்டி ஸ்கூட்டரோடு வரும் கையேட்டைப் பின்பக்கமாகப் புரட்டினால் மின்காந்த இடையூறு பற்றி, அதாவது வாக்கிடாக்கி, செல்போன் போன்றவற்றின் ரேடியோ அலை வண்டியைக் குழப்புவது பற்றி, இரண்டு மூன்று பக்கம் இருக்கும். பொடி எழுத்து, பயமுறுத்தும் பாஷை. அநேகமாக யாரும் படிப்பதில்லை. படிக்கிற சிலரும், ‘செல்போனே ஆகாது என்றால் எப்படி வெளியே போவது?’ என்று குழம்பி மூடிவிடுகிறார்கள். அந்தப் பக்கங்களில் முதலில் தேட வேண்டியது ஓர் எண்ணை: மீட்டருக்கு 20 வோல்ட். அது எதைக் குறிக்கிறது என்று புரிந்துவிட்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பது தானாகப் பிரிந்துவிடும்.

இங்கே பேசுவது முதியவர்களும் நடக்கச் சிரமப்படுகிறவர்களும் உட்கார்ந்து ஓட்டும் மூன்று அல்லது நான்கு சக்கர வண்டியைப் பற்றி. நாற்காலி, முன்னால் ஹேண்டில் தண்டு, 12 வோல்ட் பேட்டரி இரண்டு சேர்ந்த 24 வோல்ட், பின் அச்சில் ஒரு மோட்டார். சாலையில் ஓடும் மின்சார டூவீலர் வேறு கதை. ஜாய்ஸ்டிக் வைத்த பவர் வீல்சேருக்கு இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

உள்ளே என்ன நடக்கிறது

கட்டைவிரலால் அழுத்தும் லீவருக்குப் பின்னால் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருப்பதே இதுவும். பெரும்பாலும் 5 கிலோ ஓம். லீவர் நடுவில் நிற்கும்போது அதிலிருந்து வரும் வோல்ட் நடு அளவில் இருக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் ஏறும், மறு பக்கம் அழுத்தினால் இறங்கும். அந்தச் சின்ன வோல்ட், ஹேண்டில் தண்டின் உள்ளே மெல்லிய வயரில் இறங்கி, சீட்டுக்கடியில் இருக்கும் கன்ட்ரோலருக்குப் போகிறது. எவ்வளவு வேகம், முன்னாலா பின்னாலா என்பதை கன்ட்ரோலர் அதை வைத்தே முடிவு செய்கிறது.

பிரேக்கின் சூட்சுமம் தனி. மோட்டாரின் கடைசியில் இருக்கும் மின்காந்த பிரேக்கை ஒரு ஸ்பிரிங் எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும். கரண்ட் கொடுத்தால்தான் அது விடும். லீவரை அழுத்தியதும் ‘டக்’ என்று கேட்கும் சத்தம், பிரேக் விடுகிற சத்தம். கரண்ட் போய்விட்டால் ஸ்பிரிங் மறுபடி பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் பிரேக்கை விடச் சொல்வதும் அதே கன்ட்ரோலர்தான். லீவரிலிருந்து வரும் வோல்ட்டை அது தப்பாகப் படித்தால் பிரேக் விடுவதும் மோட்டார் சுழல்வதும் சேர்ந்தே நடக்கும்.

தப்பாகப் படிக்க வைப்பது எது? பழைய 2ஜி போன் மணியடிப்பதற்குச் சற்று முன், பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் ‘டிட்டிடிட் டிட்டிடிட்’ என்று கரகரக்கும். போனின் ரேடியோ அலை ஸ்பீக்கரின் வயரில் ஏறி, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரில் பட்டு, சாதாரண வோல்ட்டாக மாறிவிடுவதால் வருகிற சத்தம் அது. ஸ்கூட்டரிலும் இதே வேலை நடக்கலாம். சத்தத்துக்குப் பதில் அசைவு.

லீவரிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் வயர் ஏறக்குறைய 1 மீட்டர் நீளம். 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீட்டர். அதாவது அந்த வயர் சரியாகப் பாதி அலைநீளம். ஆண்டெனா செய்கிறவர் வேண்டுமென்றே வெட்டி வைக்கிற அளவு. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் விஹெச்எஃப் வாக்கிடாக்கிகள் இந்த இடத்தில்தான் வருகின்றன. 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள யுஹெச்எஃப் செட்டுகளின் அலையையும் அது வாங்கிக்கொள்ளும்.

பவர் வீல்சேர்கள் தாமாக நகர்ந்த புகார்கள் அமெரிக்காவில் எழுந்த பிறகு, அந்த நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வண்டிகளைச் சோதித்துப் பார்த்தது. வலுவான ரேடியோ புலத்தில், அதாவது அலை பலமாகப் பரவியிருக்கும் இடத்தில், பிரேக் விடுவதும் சக்கரம் சுழல்வதும் சோதனையிலேயே தெரிந்தன. புலத்தின் வலுவை மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று அளப்பார்கள். 1994 மே மாதத்திலிருந்து தயாரிப்பாளர்களுக்கு வந்த அறிவுரைதான் இன்றைய கையேடுகளில் இருக்கும் அந்தப் பக்கங்களின் மூலம்: மீட்டருக்கு 20 வோல்ட்டாவது தாங்கும்படி செய்யுங்கள், எவ்வளவு தாங்கும் என்பதை வாங்குகிறவருக்குச் சொல்லுங்கள். பிற்பாடு வந்த ஐஎஸ்ஓ 7176-21 என்ற சர்வதேசத் தரம் ஸ்கூட்டர், வீல்சேர், சார்ஜர் மூன்றுக்கும் சோதனை முறையை வகுத்தது.

உங்கள் கையேட்டில் ‘மீட்டருக்கு 20 வோல்ட் அளவில் சோதிக்கப்பட்டது’ என்று இருக்கலாம். ‘தாங்குதிறன் அளவு தெரியாது’ என்றும் இருக்கலாம். அப்படி அச்சடித்து விற்கப்பட்ட வண்டிகள் நிறைய உண்டு. எந்த வரி இருக்கிறது என்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் கணக்கு அதைப் பொறுத்தது.

இருபது வோல்ட் என்றால் எத்தனை அடி

ஒரு டிரான்ஸ்மிட்டரின் சக்தி எத்தனை வாட் என்று தெரிந்தால், அதன் மின்புலத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். வாட்டின் வர்க்கமூலத்தை 7ஆல் பெருக்கி, தூரத்தை மீட்டரில் எடுத்து வகுங்கள். சாதாரண ஆண்டெனாவுக்கு இது போதும்.

காவலாளி கையில் இருக்கும் வாக்கிடாக்கி 5 வாட் என்று வையுங்கள். 1 மீட்டர் தள்ளி அதன் புலம் மீட்டருக்கு 16 வோல்ட். அரை மீட்டரில் 31. இருபதைத் தொடுவது 78 சென்டிமீட்டரில், அதாவது இரண்டரை அடியில். போலீஸ் ஜீப், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஆகியவற்றின் கூரையில் ஆண்டெனா வைத்த 25 வாட் செட் என்றால் 1.75 மீட்டர். பொழுதுபோக்குக்காக உரிமம் வாங்கி ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரர் காரில் 100 வாட் செட் வைத்திருந்தால் 3.5 மீட்டர்.

சோதிக்கப்படாத வண்டிக்கு மீட்டருக்கு 5 வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போது வாக்கிடாக்கிக்கு 3 மீட்டர், ஜீப்புக்கு 7, ஹாம் செட்டுக்கு 14.

இதெல்லாம் வெட்டவெளிக் கணக்கு. லிஃப்ட், இரும்பு ஷட்டர், பஸ்ஸின் உடம்பு போன்றவை அலையைத் திருப்பியடித்துச் சில இடங்களில் புலத்தைக் கூட்டிவிடும். அதனால் வந்த தூரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். சோதித்த வண்டி என்றால் வாக்கிடாக்கியிலிருந்து ஐந்தடி, ரேடியோ வைத்த வாகனத்திலிருந்து பன்னிரண்டடி. சோதிக்காத வண்டி என்றால் இருபதடி, நாற்பத்தைந்தடி.

தூரம் பாதியானால் புலம் இரண்டு மடங்காகும். ஆனால் புலம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் சக்தி நான்கு மடங்காக வேண்டும். எட்டத்தில் இருக்கும் பெரிய டிரான்ஸ்மிட்டரைக் காட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சின்ன செட் ஆபத்தாக இருப்பது இதனால்தான்.

செல்போன் டவர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதன் ஆண்டெனா உயரத்தில் இருக்கிறது. அலை பெரும்பாலும் கிடைமட்டமாகப் போகிறது. இந்தியாவில் 2012 செப்டம்பரில் டவர் அலைக்கான வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸில் அது மீட்டருக்கு 13 வோல்ட் வரும். மக்கள் நடமாடும் இடத்தில் அந்த வரம்பே 20க்குக் கீழேதான் இருக்கிறது. 20 வோல்ட்டுக்குச் சோதித்த ஸ்கூட்டரை டவர் அடியில் ஓட்டப் பயப்பட வேண்டியதில்லை. மீடியம் வேவ் வானொலி நிலையத்தின் கம்பம் வேறு ரகம். அங்கே கம்பம் முழுவதுமே ஆண்டெனா, அலை தரையிலிருந்தே தொடங்குகிறது. அதன் வேலியோரம் நிழலுக்கு ஒதுங்க வேண்டாம்.

வாக்கிடாக்கி கேட்டுக்கொண்டிருக்கும்போது எதையும் அனுப்புவதில்லை. பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கிப் பேசும்போதுதான் அலை வெளியேறும். ஆனால் பிரிட்டிஷ் போலீஸ் உள்ளிட்டவர்கள் பயன்படுத்தும் டெட்ரா வகை டிஜிட்டல் செட்டுகள், யாரும் பொத்தானைத் தொடாதபோதும் அவ்வப்போது நெட்வொர்க்கோடு தாமாகப் பேசிக்கொள்ளும்.

செல்போனும் அப்படித்தான். பையில் சும்மா கிடக்கும்போதும் இடையிடையே அனுப்பும். 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட், 1 மீட்டரில் மீட்டருக்கு 3 வோல்ட், கவலையில்லை. ஆனால் 15 சென்டிமீட்டரில் 21 வோல்ட். இப்போது ஹேண்டில் தண்டில் போன் ஸ்டாண்டு மாட்டிக்கொள்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். லீவருக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்கும் போனுக்கும் ஒரு சாண்கூட இருக்காது. சிக்னல் நன்றாக இருக்கும் தெருவில் போன் மிகக் குறைந்த சக்தியில் ஓடும், ஒன்றும் தெரியாது. அதே போன் தரைக்கடியில் உள்ள பார்க்கிங்கிலோ லிஃப்டிலோ சிக்னலைத் தேடித் தன் முழு சக்திக்கும் போகும். வழி பார்க்கப் போன் வேண்டுமென்றால் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போடுங்கள்; ஹேண்டிலிலிருந்தும் சீட்டுக்கடியில் உள்ள கன்ட்ரோலரிலிருந்தும் அது தள்ளியே இருக்கும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்த யோசனை ஆகாது. அவர்கள் போனைக் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி, எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டும்.

புளூடூத் இயர்போன், டிவி, எஃப்எம் ரேடியோ, லேப்டாப் இவற்றால் ஸ்கூட்டருக்கு ஆபத்தில்லை.

சாவி

இந்த விஷயத்தில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், அது நின்றதும் சாவியை அணைப்பது. சாவி அணைந்திருக்கும்போது எந்த அலை வந்தாலும் பிரேக்கை விடுவிக்கக் கரண்ட் கிடையாது. லிஃப்டுக்குள் போனதும் அணையுங்கள். மருந்துக்கடை வரிசையில், டிக்கெட் கவுன்டரில், சிக்னலில், தெரிந்தவரோடு நின்று பேசும்போது அணையுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் இடத்தில் நிறுத்தியதும் அணையுங்கள். போன் வந்தால் ஓரங்கட்டி, அணைத்துவிட்டு, எடுங்கள்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. பின்பக்கத்தில், மோட்டார் அருகே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்காக பிரேக்கையோ கியரையோ விடுவித்துவிடும் நெம்புகோல் அது. அது ‘தள்ளு’ நிலையில் இருந்தால் சாவி அணைந்திருந்தாலும் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. வீட்டில் யாராவது வண்டியை நகர்த்தியிருக்கலாம். ஏறி உட்காரும் முன் அந்த நெம்புகோல் ‘ஓட்டு’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சரிவில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு அதைத் தொடவே கூடாது.

சாய்வுப் பாதையில் பாதி வழியில் நிற்காதீர்கள். ஏறினால் மேலே போய்ச் சமதரையில் நில்லுங்கள். மருத்துவமனை, மால், கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் சாய்வுப் பாதை இருக்கும் வாசலில்தான் காவலாளியும் நிற்பார். அவர் உதவிக்கு வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே செட்டில் ‘லிஃப்டை இறக்குங்க’ என்று பேசுவார். நல்ல மனசுதான், ஆனால் ஆண்டெனா லீவருக்கு அரையடியில் இருக்கும். ‘ஐயா, நான் மேலே ஏறினப்புறம் செட்ல பேசுங்க, இல்லன்னா வண்டி தானா நகரும்’ என்று ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். காரணம் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

வண்டி போகக்கூடிய உச்ச வேகத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் வேகக் குமிழும் இங்கே உதவும். பிரிட்டனில் நடைபாதையில் ஓட்டும் ஸ்கூட்டருக்கு மணிக்கு 4 மைல், ஏறக்குறைய 6.4 கிலோமீட்டர் வரம்பு. அந்த வேகத்தில் ஒரு நொடியில் வண்டி 1.8 மீட்டர் போய்விடும். சாலையில் ஓட்டும் ரகத்துக்கு மணிக்கு 8 மைல், நொடிக்கு 3.6 மீட்டர். என்ன நடக்கிறது என்று புரிந்து கை சாவிக்குப் போக ஒரு நொடி ஆகத்தான் செய்யும். நடைமேடை விளிம்பு, படிக்கட்டு, கூட்டம் உள்ள இடங்களில் குமிழைக் கடைசிவரை குறைத்து வையுங்கள். லீவர் சிக்னல் பிசகினாலும் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் குமிழ் வைத்த வேகத்தைத் தாண்ட விடாது. ஆனால் குமிழின் வயரும் அதே தண்டில்தான் இறங்குகிறது, ஆகவே இதை முழு நம்பிக்கையாக வைக்க வேண்டாம்.

தானாக நகர்ந்தால்

1. லீவரை விட்டுவிடுங்கள். இரண்டு கட்டைவிரலும் வெளியே.

2. வண்டி நிற்கவில்லை என்றால் சாவியை அணையுங்கள். எதிர்ப்பக்க லீவரை அழுத்தி நிறுத்தப் பார்க்காதீர்கள். கெட்டுப்போன சிக்னல் வரும் அதே வயரில்தான் அதுவும் போகிறது. சாவியை அணைத்ததும் பிரேக் சடாரென்று பிடிக்கும், உடம்பு முன்னால் சாயும். முதுகை நாற்காலியில் அழுத்தி, ஒரு கையால் ஹேண்டிலையோ கைப்பிடியையோ பிடித்துக்கொண்டு அணையுங்கள். கைப்பிரேக் இருக்கும் வண்டியில் அதையும் இழுங்கள்.

3. ஹேண்டிலை நேராக வையுங்கள். திருப்பியபடி திடீரென நின்றால் மூன்று சக்கர வண்டி கவிழும்.

4. உடனே மறுபடி ஆன் செய்யாதீர்கள். சுற்றிப் பாருங்கள்: யார் கையில் செட் இருக்கிறது, எந்த வாகனம் நிற்கிறது? அது விலகிய பிறகு, அல்லது வண்டியைத் தள்ளிக்கொண்டு இருபதடி போன பிறகு, குமிழைக் குறைத்து ஆன் செய்யுங்கள்.

சாவியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட முடிகிறதா? சில மாடல்களில் சாவி ஹேண்டிலின் கீழ்ப்பக்கம் ஒளிந்திருக்கும். வாதநோயோ கைநடுக்கமோ உள்ளவருக்கு அது எட்டாது. வீட்டு முற்றத்தில் மிகக் குறைந்த வேகத்தில் நாலைந்து முறை ஓட்டி அணைத்துப் பழகுங்கள். அவசரத்துக்குத் தேவைப்படுவது கையின் ஞாபகம். சாவி எட்டவே இல்லை என்றால், எட்டும் இடத்துக்கு மாற்றித் தரச் சொல்லி விற்றவரிடம் கேளுங்கள்.

மேலே மாட்டும் சாமான்கள்

கம்பெனி சோதித்தது வெளியே வந்த வண்டியை. அதன் பிறகு நீங்கள் மாட்டும் ஒவ்வொரு சாமானும் அந்த 20 வோல்ட் கணக்கை மாற்றிவிடலாம், ஏனென்றால் ஒவ்வொரு புதிய வயரும் ஒரு புதிய ஆண்டெனா.

இதில் மோசமானது சிம் போட்ட ஜிபிஎஸ் டிராக்கர். அப்பா எங்கே போகிறார் என்று பார்க்கப் பிள்ளைகள் வாங்கி, யார் கண்ணிலும் படாதிருக்க சீட்டுக்கடியில், கன்ட்ரோலர் மீதே ஒட்டிவிடுகிறார்கள். அது ஒரு செல்போன்தான். 2ஜி சிம் என்றால் ஒவ்வொரு முறை இடம் சொல்லும்போதும் 2 வாட் வரை துடிப்புத் துடிப்பாக அனுப்பும், கன்ட்ரோலரிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில். டிராக்கர் வேண்டுமென்றால் சொந்த பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்கி, கன்ட்ரோலருக்கும் வயர்களுக்கும் எட்டத்தில், முன்கூடையிலோ ஓட்டுகிறவர் பையிலோ வையுங்கள்.

அடுத்தது, ஹேண்டிலில் மாட்டும் மலிவான யுஎஸ்பி சார்ஜர். 24 வோல்ட்டை 5 ஆக்கும் அந்தச் சின்னப் பெட்டிகளில் பல, இரைச்சலைத் தடுக்கும் பாகங்களை மிச்சம் பிடித்துச் செய்தவை. அதன் வயரை லீவர் வயரோடு சேர்த்து டேப் சுற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். கூடுதல் விளக்கு, ஹாரன் போன்றவற்றுக்கு இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதும் தப்பு. அந்த ஒன்று மட்டும் சீக்கிரம் வடிந்து, சார்ஜ் ஆகும்போது மற்றது அளவுக்கு மீறி ஏறி, சில மாதங்களில் இரண்டும் கெடும். 24 வோல்ட் முழுவதிலிருந்தும் எடுத்து, நல்ல கன்வெர்ட்டர் வழியாக, பேட்டரி முனையருகே ஃபியூஸ் போட்டுக் கொடுங்கள். புதிய வயரை லீவர் வயருக்கு எதிர்ப்பக்கமாக இறக்குங்கள். இரண்டும் சந்தித்தே ஆகவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும், பக்கம் பக்கமாக ஓட வேண்டாம்.

உண்மையிலேயே ரேடியோ அலைதானா?

வண்டி குலுங்கினாலோ தானாக நகர்ந்தாலோ உடனே ‘அலை’ என்று சொல்லிவிடுவது எளிது. பார்க்கப்போனால் தேய்ந்த பொட்டென்ஷியோமீட்டர், தளர்ந்த கனெக்டர், தண்டுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர், சாகிற பேட்டரி எல்லாமே இதே அறிகுறியைக் காட்டும். எப்போது நடந்தது என்பதுதான் முதல் துப்பு. ஒரே இடத்தில் இரண்டு முறை நடந்தது, பக்கத்தில் செட் இருந்தது என்றால் அலையைச் சந்தேகிக்கலாம். மேடுபள்ளத்தில் ஏறும்போது என்றால் கனெக்டர். மழைக்கு மறுநாள் என்றால் தண்ணீர். ஹேண்டிலைத் திருப்பும்போது என்றால், தண்டின் அடியில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்த வயர்.

சோதிக்கும் முறை இது. நாற்காலியில் யாரும் இருக்கக்கூடாது. பின்பக்கச் சட்டத்தின் கீழே உறுதியான மரக்கட்டை கொடுத்து, ஓடும் சக்கரங்கள் தரையிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தூக்கி நிற்கும்படி செய்யுங்கள். முன்சக்கரத்துக்கு அண்டை கொடுங்கள். குமிழைக் கடைசிவரை குறைத்து ஆன் செய்து, லீவரை மெதுவாக அழுத்தி விடுங்கள். விட்டதும் சக்கரம் நின்று, சற்று நேரத்தில் பிரேக் ‘டக்’ என்று பிடிக்க வேண்டும். லீவரை இலேசாக அழுத்திப் பிடித்தபடி ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்புங்கள். சக்கரம் விட்டுவிட்டு ஓடினால் வயர்தான். கனெக்டர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள்.

பிறகு அணைத்துவிட்டு, லீவரின் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். பழைய முள் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, தேய்ந்த தடத்தில் முள் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். டிஜிட்டல் மீட்டர் அதைத் தவறவிடும். இரண்டு ஓர முனைகளுக்கு நடுவே முழு மதிப்பு வர வேண்டும், நடு முனை லீவரோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போக வேண்டும், லீவரை விட்டதும் ஒவ்வொரு முறையும் அதே நடு மதிப்புக்குத் திரும்ப வேண்டும்.

பேட்டரி: ஜெல் அல்லது ஏஜிஎம் (இரண்டுமே தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஈய-அமில வகைகள்) ஜோடி முழு சார்ஜ் ஏறிச் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு மொத்தம் 25.4 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஓய்விலேயே 24 என்றால் கிட்டத்தட்ட காலி. ஓய்வில் சரியாகக் காட்டி, ஏற்றத்தில் 22க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு ஆயுள் முடிந்துவிட்டது, அல்லது முனை துருப்பிடித்திருக்கிறது.

வண்டியே உண்டாக்கும் இரைச்சலைக் கண்டுபிடிக்கப் பழைய பாக்கெட் ரேடியோ போதும். மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, மோட்டார் அருகே கொண்டுபோங்கள். கொஞ்சம் இரைச்சல் இயல்பு. வறுகடலை வெடிப்பதுபோலப் படபடவென்று கேட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்து தீப்பொறி பறக்கிறது என்று அர்த்தம். பிரஷ் மாற்றும்போது, மோட்டார் முனையில் இருக்கும் சின்னக் கெப்பாசிட்டர்களைக் குப்பை என்று வெட்டி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவை இரைச்சலை அடக்கத்தான் இருக்கின்றன. கன்ட்ரோலர் வயரில் இருக்கும் ஃபெரைட் வளையம், பெட்டியின் உலோக மூடி, சட்டத்தோடு சேரும் திருகு இவையும் அப்படியே. ரிப்பேர் முடிந்து வண்டி திரும்பும்போது எல்லாம் பழைய இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மெக்கானிக்குகளுக்கு: லீவர் வயரில் கூடுதல் ஃபெரைட் போடலாம். விஹெச்எஃப் செட்டுகளின் அலைக்கு 43 எனப்படும் கலவை பொருத்தம். கவ்விக்கொள்ளும் வகையை எடுத்து, லீவரின் எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, கன்ட்ரோலருக்குள் வயர் நுழையும் இடத்தை ஒட்டி மாட்டுங்கள். ஒரு வயரை மட்டும் விடுவதால் பயனில்லை. மோட்டார் வயரில் போடுவதென்றால் இரண்டும் சேர்ந்தே போகட்டும். தனியாக ஒன்று போனால் அதன் கரண்டில் ஃபெரைட் நிறைவுற்றுச் செயலிழக்கும். பொட்டென்ஷியோமீட்டரின் நடு முனையில் கெப்பாசிட்டர் வைத்துப் பார்க்கும் கைவேலை வேண்டாம். வயர் அறுந்தால் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தும் கன்ட்ரோலரின் காவலை அது குழப்பக்கூடும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் தயாரித்த கம்பெனிக்கு எழுதுங்கள். தேதி, இடம், லீவர் எந்த நிலையில் இருந்தது, குமிழ் எங்கே இருந்தது, எவ்வளவு தூரம் நகர்ந்தது, அருகில் எந்த ரேடியோ கருவி எத்தனை அடியில் இருந்தது, பிழை விளக்கு எத்தனை முறை சிமிட்டியது. சிமிட்டலின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண்ணி வைத்தால் போதும்.

இரண்டு இடங்கள் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியவை. கடை வாசலில் திருட்டைப் பிடிக்க நிற்கும் இரட்டைத் தூண்களுக்கு நடுவே நிற்காமல் நேராகக் கடந்துவிடுங்கள். சில சமயம் ஸ்கூட்டரே அந்த மணியை அடிக்க வைக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை. எம்ஆர்ஐ அறை வாசலைத் தாண்டி மட்டும் ஸ்கூட்டர் போகவே கூடாது. அங்கே ரேடியோ அலையும் தாங்குதிறனும் பேச்சே இல்லை. ஸ்கேன் ஓடாதபோதும் அந்தக் காந்தம் உயிரோடுதான் இருக்கும், வண்டியை ஆளோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். வெளியே நிறுத்தி, சாவியை அணைத்து, அவர்கள் தரும் காந்தம் ஈர்க்காத சக்கர நாற்காலிக்கு மாறி உள்ளே போங்கள்.